நடப்பவருக்கு நாம் தரவேண்டிய நொடிகள்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்மானம் என எந்தக் காரணத்திற்காக ஒருவர் எங்களிடம் வந்தாலும், மருந்துச் சீட்டின் கடைசி வரியில் நாங்கள் பெரும்பாலும் எழுதுவது ஒன்றுதான்: நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கவும். அவரும் வீடு திரும்பி, மறுநாள் விடியற்காலையில் நடக்கத் தொடங்குகிறார். எங்கே நடக்கிறார்? அருகில் பூங்காவோ நடைபாதையோ இல்லாத பலருக்கு அந்த இடம் சாலையோரம்தான். நாங்கள் எழுதித் தந்த அந்த மருந்து அவருக்கு நலம் பயக்குமா என்பது, அவ்வேளையில் அச்சாலையில் வாகனம் ஓட்டி வருபவரைப் பொறுத்தே அமைகிறது.

அந்த ஓட்டுநர் நமக்குத் தொடர்பில்லாத யாரோ அல்லர். தாயாரைப் பரிசோதனைக்கு அழைத்து வரும் மகனாக இருக்கலாம். உள்நோயாளியாக இருக்கும் கணவருக்கு உணவு கொண்டுவரும் மனைவியாக இருக்கலாம். இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நீங்களாகவும் இருக்கலாம். காலையில் நடப்பவரே மாலையில் ஓட்டுபவர். ஆகவே, நடந்து செல்வோரையும் மிதிவண்டியில் செல்வோரையும் காத்து வாகனம் ஓட்டுவது எப்படி என்பதை, மருத்துவமனையின் கண்ணோட்டத்தில் இம்மாதம் விளக்க விரும்புகிறோம்.

நம் ஊர்ச் சாலைகள்

திருப்போரூரின் வழியே சென்னையிலிருந்து வரும் பழைய மாமல்லபுரம் சாலை செல்கிறது. மேற்கே செங்கல்பட்டுச் சாலையும் கிழக்கே நெம்மேலிச் சாலையும் இங்கிருந்து பிரிகின்றன. இச்சாலைகளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனப் பேருந்துகளும், ஆலத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்லும் சரக்கு வாகனங்களும், சுற்றுலா வாகனங்களும் விரைகின்றன. அதே சாலைகளில்தான் கந்தசுவாமி கோயிலுக்குக் கிருத்திகைதோறும் பக்தர்கள் வருகின்றனர். மாசிப் பெருவிழா நாள்களில் சாலை முழுவதுமே மக்கள் வெள்ளமாகிறது. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் பள்ளிக்குச் செல்கின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சென்றால், மீன் கூடையுடன் சாலையைக் கடக்கும் பெண்களையும், வார இறுதி விடியலில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி அணியாக வரும் மிதிவண்டி ஆர்வலர்களையும் காணலாம்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது, ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எந்த வாகனத்திலும் ஏறாமலேயே சாலை விபத்தில் இறந்திருக்கிறார்.

வேகம் உடலை என்ன செய்கிறது?

காருக்குள் இருப்பவருக்கு இரும்புக் கூடு உண்டு. இருக்கைப் பட்டி உண்டு. பல கார்களில் காற்றுப் பையும் உண்டு. வெளியே இருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. கார் மோதும்போது முதலில் அதன் பம்பர் முழங்காலையும் கீழ்க்கால் எலும்பையும் தாக்குகிறது. அடுத்த கணத்தில் இடுப்பும் தொடையும் பானெட்டின் மீது விழுகின்றன. அதன் பிறகு தலை முன்கண்ணாடியிலோ அதன் சட்டத்திலோ மோதுகிறது. இறுதியாக உடல் தரையில் வீசப்படுகிறது. ஆகவே ஒரே விபத்தில் கால் முறிவும், இடுப்பு முறிவும், தலைக்காயமும் சேர்ந்தே நேர்வதுண்டு. குழந்தையின் உயரத்துக்கு அந்த முதல் அடியே மார்பிலோ தலையிலோ விழுகிறது. முன்பகுதி உயர்ந்த பெரிய கார்கள் வளர்ந்தவர்களையும் அவ்வாறே தாக்குகின்றன.

அடியின் வலிமையை எளிதாக உணர்ந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதப்படுவது, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பானது. 50 கி.மீ. என்றால் ஏறத்தாழ 10 மீட்டர். மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கி.மீ. என்றால் 14 மீட்டர். வேகம் இருமடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் காரை விட 65 கி.மீ. வேகத்தில் மோதும் கார், நடப்பவரின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும்?

ஆபத்தைக் கண்டவுடன் வாகனம் நின்றுவிடுவதில்லை. கண் காண வேண்டும். மூளை உணர வேண்டும். கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். விழிப்போடு இருப்பவருக்கே இதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வாகனம் சிறிதும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பிறகே பிரேக் தன் வேலையைத் தொடங்குகிறது.

உலர்ந்த தார்ச்சாலையில், நல்ல நிலையிலுள்ள ஒரு கார், மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுமையாக நிற்கச் சுமார் 20 மீட்டர் தேவை. 50 கி.மீ. வேகத்தில் சுமார் 28 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 36 மீட்டருக்கு மேல். மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு.

இப்போது உங்களுக்கு 20 மீட்டர் முன்னால் ஒரு சிறுவன் சாலையில் கால் வைப்பதாகக் கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வந்தவர் அச்சிறுவனின் முன்னே நின்றுவிடுகிறார். 50 கி.மீ. வேகத்தில் வந்தவர் முழு வலிமையுடன் பிரேக் பிடித்தும் மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். 60 கி.மீ. வேகத்தில் வந்தவரோ மோதும் கணத்தில் இன்னும் 55 கி.மீ. வேகத்தில் இருக்கிறார். அவருடைய பிரேக் வேலை செய்யத் தொடங்கும்போதே இடைவெளி தீர்ந்துவிடுகிறது. மூவரும் ஒரே கணத்தில்தான் சிறுவனைக் கண்டனர். மூவருமே திறமையான ஓட்டுநர்கள்தாம். வேகம் ஒன்றே அவர்களை வேறுபடுத்தியது.

கைப்பேசியில் வந்த செய்தியை மூன்று நொடிகள் பார்த்தால், 60 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகவே பொருள்.

“திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்”

அடிபட்டவரை அழைத்து வரும் ஓட்டுநர்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கூறும் சொற்கள் இவை. பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் சாலையைக் கடந்தவரின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும்.

நடுத்திட்டு உள்ள சாலையில் ஒரு பக்கத்தின் அகலம் சுமார் 7 மீட்டர். நலமாக உள்ள ஒருவர் அதை ஆறு நொடிகளில் கடந்துவிடுவார். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரோ, இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் கைத்தடியுடன் நடப்பவரோ நொடிக்கு அரை மீட்டர்தான் நகர முடியும். அவருக்கு 14 நொடிகள் தேவை. அந்த 14 நொடிகளில், 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் 230 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அவர் முதல் அடியை எடுத்து வைத்தபோது அந்தக் கார் தொலைவில் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். சாலை வெறுமையாக இருக்கிறது என்று நம்பியே அவர் இறங்கியிருப்பார். அவர் திடீரென்று வரவில்லை. நெடுநேரமாக வந்துகொண்டே இருந்தார்.

முதுமையில் பார்வையும் செவித்திறனும் குறைகின்றன. கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதே சிலருக்குக் கடினம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிக்கும் திறன் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. இவர்களால் வேகமாக விலக முடியாது. ஓட்டுநரால் மட்டுமே வேகத்தைக் குறைக்க முடியும். எனவே சாலையில் நடப்பவருக்கு நாம் தரக்கூடிய பாதுகாப்பு நேரம் ஒன்றே. அதை நம் பிரேக்கின் மூலமே தர முடியும்.

இதற்கான பழக்கங்கள் சில:

நின்றிருக்கும் பேருந்தைக் கடக்கும்போது, அதன் முன்னாலிருந்து ஒருவர் வெளிப்படுவார் என்று எண்ணியே கடக்க வேண்டும். இறங்கியவரின் வீடு எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம்.

முன்னே செல்லும் வாகனம் காரணமின்றி நிற்பதாகத் தோன்றினால், அது யாருக்கோ வழிவிடுகிறது என்று கொள்ள வேண்டும். அதை முந்திச் செல்வதே பாதசாரிகளுக்கு மிகக் கொடிய செயல்களுள் ஒன்று. நின்ற வாகனத்தை நம்பிக் கடப்பவர், முந்தி வரும் வாகனத்தின் முன்னே வந்து நிற்கிறார்.

கோடிட்ட கடவுப்பாதையில் யாரேனும் காத்திருந்தால், கோட்டுக்கு முன்பே நின்று வழிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், பாதசாரிகள், மிதிவண்டி ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் எனக் கூறுகின்றன.

கடப்பவரை நோக்கி ஒலிப்பானை விடாது அடிக்க வேண்டாம். பதறிய முதியவர் முன்னே ஓடுவாரா, பின்னே திரும்புவாரா என்பதை அவரே அறியார். வேகத்தைக் குறைப்பதுதான் அவருக்குப் புரியும் மொழி.

மிதிவண்டியைக் கடக்கும்போது

மிதிவண்டி நேர்க்கோட்டில் செல்வதில்லை. பள்ளம், தேங்கிய நீர், சாலையோர மணல் ஆகியவற்றைத் தவிர்க்க அது சற்றே வலப்பக்கம் விலகும். கடற்கரைச் சாலையில் பக்கவாட்டுக் காற்றும் அதைத் தள்ளும். பெரிய பேருந்து ஒட்டி விரைந்தால், அதன் காற்றே மிதிவண்டியை நிலைகுலையச் செய்யும். ஆகவே கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி தேவை. அந்த இடைவெளி கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை பின்னாலேயே மெதுவாகச் செல்ல வேண்டும். ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று 2020 முதல் சட்டமே வரையறுத்துள்ளது.

மிதிவண்டியை முந்திய உடனே இடப்பக்கம் திரும்புவது மற்றொரு பெருந்தவறு. நேராகச் செல்லும் மிதிவண்டியின் பாதையை அது அடைத்துவிடுகிறது. திரும்ப வேண்டிய இடம் அருகில் இருந்தால், மிதிவண்டியை முதலில் போகவிட்டுப் பின்னர் திரும்புவதே முறை.

காரை ஓரமாக நிறுத்தியதும் கதவைச் சட்டென்று திறக்க வேண்டாம். மருத்துவமனை வாயிலில் அவசரமாக இறங்கும் உறவினர்கள் இதை அடிக்கடி மறக்கிறார்கள். வலப்பக்கம் அமர்ந்திருப்பவர் இடக்கையாலும், இடப்பக்கம் அமர்ந்திருப்பவர் வலக்கையாலும் கதவைத் திறக்கப் பழகினால், உடல் தானாகவே பின்பக்கம் திரும்பும். வருகின்ற மிதிவண்டி கண்ணில் படும். நெதர்லாந்து நாட்டில் பரவலாகப் பழகிவந்த எளிய முறை இது.

இருளிலும் மழையிலும்

தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில், கறுத்த ஆடை அணிந்தவர் 30 மீட்டருக்குள் வந்த பிறகே தெரிவதுண்டு. 60 கி.மீ. வேகத்தில் நிற்க 36 மீட்டருக்கு மேல் வேண்டும் என்பதை மேலே கண்டோம். அப்படியானால், அவரைக் காணும் முன்பே நிற்கும் வாய்ப்பை இழந்துவிட்டோம் என்றே பொருள். எதிரே வரும் வாகனத்தின் கூசும் ஒளி இதை இன்னும் கடினமாக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரச் சாலையில் நிற்கும் தூரமும் நீளும். விளக்கொளி எட்டும் தூரத்திற்குள் நிற்கக்கூடிய வேகமே இரவில் சரியான வேகம்.

முருகன் கோயில்களுக்குப் பாதயாத்திரை செல்லும் நாள்களில், சாலையோரம் விடியற்காலை இருளிலும் நிறைந்திருக்கும். நடப்போருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு: வெளிர்நிற ஆடையும், பையில் ஒளிரும் பட்டையும் அணிந்து செல்லுங்கள். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வாகனங்கள் கண்ணில் படும்படி வலப்பக்க ஓரமாக நடங்கள்.

நோயாளிகளும் உடனிருப்போரும் ஓட்டும்போது

வேறெந்த இதழை விடவும் இந்த இதழில் வலியுறுத்த வேண்டிய பகுதி இது.

நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவர், காலையில் இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுவதை நாள்தோறும் காண்கிறோம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லி கிராம் மட்டுமே. ஒரு சொட்டும் அருந்தாதவர், அருந்தியவரைப் போலவே ஓட்டுகிறார். அந்நிலையில் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ செல்வது நலம். இயலாவிட்டால் சற்று உறங்கி எழுந்த பின் புறப்படலாம்.

கண் பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள், பார்வை தெளியும் வரை சில மணி நேரம் ஓட்டக் கூடாது. முழு மயக்க மருந்தோ, தூக்கம் தரும் ஊசியோ பெற்றவர்கள், நன்றாக இருப்பதாக உணர்ந்தாலும் 24 மணி நேரம் ஓட்டக் கூடாது. சளி, ஒவ்வாமை மாத்திரைகள் சில, தூக்க மாத்திரைகள், வலிப்பு நோய் மருந்துகள் ஆகியவை அயர்வைத் தரலாம். புதிதாகத் தொடங்கும்போது மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் நெடுந்தூரம் ஓட்டும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைநடுக்கம், வியர்வை, பார்வை மங்கல் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்தி இனிப்பு உட்கொள்ள வேண்டும். கண்புரை உள்ளவர்களுக்கு இரவில் எதிரொளி மிகுதியாகக் கூசும். அறுவை வரை இரவுப் பயணத்தில் ஓட்டுவதைத் தவிர்க்கலாம்.

நெருக்கடியில் உள்ள நோயாளியைத் தாமே காரில் ஏற்றி, சாலையைப் பிளந்துகொண்டு வருவதும் ஆபத்தே. 108 ஆம்புலன்ஸ் வந்தால் சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடும். அதற்கு வழிவிடாத ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் உங்கள் வாகனத்தை ஓரமாக நிறுத்தி எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். பின்வரும் வாகனங்கள் அடிபட்டவர் மீது ஏறிவிடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கவோ, மடித்து ஆட்டோவில் ஏற்றவோ வேண்டாம். முதுகெலும்பில் காயம் இருந்தால் அதுவே நிரந்தர முடக்கத்தை உண்டாக்கலாம். தண்ணீர் புகட்ட வேண்டாம். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

“ஒன்றுமில்லை” என்று எழுந்து நடப்பவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம். தலைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டுவதுண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்ளும் இதய நோயாளிகளுக்கும் பக்கவாத நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். அவர்கள் தம் மருந்துகளின் பட்டியலை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பது நன்று.

மோதிய ஓட்டுநர், அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டியது சட்டப்படியான கடமை. உதவ முன்வரும் மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு அவர்களைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளிக்கிறது. தொடக்கத்தில் இதற்கான வரம்பு ஒருவருக்கு 1 இலட்சம் ரூபாயாக இருந்தது. மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனத்தால் உயிரிழந்தவர் குடும்பத்திற்கு 2 இலட்சமும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசின் திட்டத்தின்கீழ் இழப்பீடாகக் கிடைக்கின்றன.

ஒரு நிமிடக் கணக்கு

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்ற ஒருவர்கூட வாகனம் மோதி இறக்கவில்லை. குடியிருப்புத் தெருக்களிலும் நகர மையத்திலும் வேக வரம்பை 30 கி.மீ. ஆகக் குறைத்தது அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. நம் சாலைகளில் நடைபாதைகளும் கடவுப்பாதைகளும் இன்னும் நிறைய வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் அவை வரும் வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு.

ஊருக்குள் கடைத்தெரு, பள்ளி, கோயில், பேருந்து நிறுத்தம், மருத்துவமனை எனக் கூட்டம் மிகுந்த பகுதி 2 கி.மீ. இருப்பதாகக் கொள்வோம். அதை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 2 நிமிடங்கள் ஆகும். 40 கி.மீ. வேகத்தில் கடக்க 3 நிமிடங்கள். வேறுபாடு ஒரே ஒரு நிமிடம். இடுப்பு எலும்பு முறிந்த ஒருவரை மீண்டும் நடக்க வைக்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆகின்றன. சிலரை மீண்டும் நடக்க வைக்கவே எங்களால் முடிவதில்லை.

இன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, வாயிலைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். கைத்தடியுடன் சாலையோரம் காத்திருக்கும் ஒருவரைக் கண்டால், நின்று, அவர் எதிர்ப்பக்கம் சென்று சேரும் வரை பொறுத்திருங்கள். அவருக்கு 14 நொடிகள் ஆகலாம். நடக்கச் சொல்லி அவரை அனுப்பியவர்கள் நாங்கள்தாம்.